எறும்புக்குத் தேனீ என்ன உறவு?

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில் எறும்புப் புற்று ஒன்றும், பழைய புளியமரத்துப் பொந்தில் தேன்கூடு ஒன்றும் இருக்கின்றன. இரண்டிலும் ராணி உண்டு, வேலைக்காரர்கள் உண்டு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததாக என் மகள் கூறுகிறாள். அப்படியானால் இரண்டும் ஒரே இனமா? மற்றப் பூச்சிகளிலிருந்து இவை எப்படி வேறுபடுகின்றன? கரையானும் எறும்பு வகைதானே?
— வாசகி ஒருவர், குடியாத்தம்

பதில்: ஒரே இனம் அல்ல, ஆனால் நெருங்கிய உறவு. இரண்டுக்கும் மூதாதை குளவி. சுவர் மூலையில் மண்கூடு கட்டி, புழுவையோ சிலந்தியையோ கொட்டிச் செயலிழக்கச் செய்து உள்ளே அடைத்து, கூடவே ஒரு முட்டையும் இட்டு மூடிவிட்டுப் போகும் குளவியைப் பார்த்திருப்பீர்கள். (கொட்டிக் கொட்டிப் புழுவையே குளவியாக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், உண்மையில் அந்தப் புழு குளவிக்குஞ்சின் சாப்பாடு.) இத்தகைய வேட்டைக் குளவிகளில் ஒரு கிளை, டைனோசர்கள் உலவிய காலத்திலேயே, குஞ்சுக்குப் புழுவை விட்டுவிட்டு மகரந்தத்தை ஊட்டத் தொடங்கியது, அதன் வழிவந்தவை தேனீக்கள். இன்னொரு குளவிக் கிளை மண்ணில் இறங்கி வாழத் தலைப்பட்டு, அதில் வேலைசெய்யும் பெண்களுக்கு இறகே இல்லாமற்போயிற்று, அவை எறும்புகள். தேனீ இறைச்சியை விட்ட குளவி, எறும்பு இறகை விட்ட குளவி என்று வைத்துக்கொண்டால், மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை தாமே விளங்கிவிடும்.

உறவுக்கு அடையாளங்கள் பல. இரண்டுக்கும் இடை ஒடுங்கியது. முட்டை, புழு, கூட்டுப்புழு, முழுப்பூச்சி என்று நான்கு நிலைகள். கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பின் மாறிய வடிவம் என்பதால், கொட்டுவது பெண் மட்டுமே. எல்லாவற்றிலும் விந்தையானது, கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறப்பது. தேனீயிடம் இதை 1845-இல் எடுத்துச் சொன்னவர் யான் ட்சியெர்சோன் என்ற பாதிரியார். அந்த ஆணுக்குத் தந்தை கிடையாது, தாய்வழித் தாத்தா உண்டு! வண்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் கூட்டுப்புழு நிலை உண்டென்றாலும், அவை பெரும்பாலும் முட்டையிட்டதோடு சரி. குஞ்சுக்கு ஊட்டி வளர்ப்பதில்லை. கரப்பானுக்கும் வெட்டுக்கிளிக்கும் அந்த நிலையே இல்லை.

உடலில் வேறுபாடு காண உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். எறும்பின் இடையில் ஒன்றோ இரண்டோ சிறு முடிச்சுகள் இருக்கும். தேனீயின் உடலில் கிளைவிட்ட மயிர்கள் இருக்கும். மகரந்தம் அவற்றில்தான் ஒட்டுகிறது.

ஆனால் முக்கியமான வேறுபாடு குஞ்சு வளர்ப்பில் இருக்கிறது. தேனீ தன் வயிற்றில் சுரக்கும் மெழுகால் அறுகோண அறைகள் கட்டி, அறைக்கு ஒரு புழுவாக வளர்க்கிறது. அந்தப் புழுவை இடம் மாற்ற வழியில்லை. எறும்புக்கு மெழுகும் அறையும் கிடையாது. புழுக்களைக் குவியலாகப் போட்டு வளர்க்கிறது. புற்றைக் கிளறினால் எறும்புகள் வாயில் கவ்விக்கொண்டு ஓடும் வெள்ளை உருண்டைகளை நாம் முட்டை என்கிறோமே, அவற்றில் பெரும்பாலானவை புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். முட்டை மிகச் சிறியது.

இதன் விளைவை நம் வேலூர் வெயிலில் நன்றாகப் பார்க்கலாம். கத்திரியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது, எறும்பு தன் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு மண்ணின் குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. தேனீக்கு அது இயலாததால், குளிர்ச்சியைக் குஞ்சிடம் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பாலாறு மணலாய்க் கிடக்கும் அந்நாட்களில் மாட்டுத்தொட்டி விளிம்பில் தேனீக்கள் மொய்ப்பது பெரும்பாலும் இதற்காகத்தான்: தண்ணீரைக் கொண்டுபோய் அடையில் துளித்துளியாகப் பரப்பி, இறகால் விசிறி, குஞ்சறைகளைச் சுமார் 35 டிகிரியில் வைத்திருக்கின்றன. எறும்போ தூக்கக்கூடிய குஞ்சைக் கருவியாகவும் ஆக்கிக்கொண்டது. மாமரத்து முசுறு இலைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, மற்றொரு முசுறு தன் புழுவை வாயில் ஏந்தி, அது விடும் பட்டிழையால் இலைகளை ஒட்டிக் கூடு கட்டுவது பூச்சி உலகின் அதிசயங்களில் ஒன்று.

புதுக் குடும்பம் தொடங்கும் முறையும் நேர் எதிரானது. தேனீயில் பழைய ராணி கூட்டத்தில் ஒரு பகுதியோடு பெயர்ந்துபோகும். தனியாக வாழ அதற்குத் தெரியாது. பெரும்பாலான எறும்புகளில் இளம் ராணி பறந்து இணைசேர்ந்து, இறங்கியதும் இறகை உதிர்த்துவிட்டு, தானே குழிதோண்டி, இனித் தேவைப்படாத இறகுத் தசையைக் கரைத்து முதல் குஞ்சுகளை வளர்க்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எறும்பு என்றால் கூட்டுவாழ்க்கைதான், தேனீ அப்படியல்ல. உலகில் அறியப்பட்ட 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. உங்கள் வீட்டு மூங்கிலைத் துளைத்துக் குடியேறும் கறுத்த, பெரிய 'வண்டு' உண்மையில் ஒரு தேனீ.

கரையான் எறும்பு வகை அன்று. அது கரப்பானின் உறவு. அதற்குக் கூட்டுப்புழு நிலை கிடையாது, ஒடுங்கிய இடை கிடையாது. எறும்பிலும் தேனீயிலும் உழைப்பவை அனைத்தும் பெண்கள். கரையானில் ஆண்களும் உழைக்கின்றன. ஆண் தேனீ இணைசேர்ந்ததும் இறந்துவிட, கரையான் ராஜா ராணியோடு புற்றிலேயே குடித்தனம் நடத்துகிறது. மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசல், கரையானின் இறகுப் பருவம்.

கேள்வி: ஜவ்வாது மலைக்குச் சென்றபோது தேனீ கொட்டிவிட்டது. சுண்ணாம்பு தடவினார்கள். எறும்புக்கடிக்கும் அதே மருந்துதானா?
— வாசகர் ஒருவர், அணைக்கட்டு

பதில்: நஞ்சு வேறு வேறு. தேனீ நஞ்சில் முதன்மையானது மெலிட்டின் என்ற புரதத்துணுக்கு. முசுறுக்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. கடித்த காயத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. தோலுக்குள் இறங்கிவிட்ட நஞ்சை மேலே தடவிய சுண்ணாம்பு எட்டுவதில்லை. தேனீயின் கொடுக்கு முள்ளுள்ளதாகையால் நம் தோலில் சிக்கி, நஞ்சுப்பையோடு பிய்ந்து நின்றுவிடும். பிய்ந்த பிறகும் பை நஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவில் எடுக்கிறோம் என்பதே முக்கியம். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். உதடு வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, தலை சுற்றினாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.