மலை இறங்கிய கால்கள்

அன்புள்ள ஐயா,

பிப்ரவரியில் நண்பர்கள் நான்கு பேர் அகஸ்தியர்கூடம் ஏறினோம். போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம், மறுநாள் உச்சி, அதற்கடுத்த நாள் இறக்கம். பிறகு இரண்டு நாள் கோவளத்தில் சும்மா கிடந்தோம். பத்மநாபபுரம் அரண்மனைக்குக்கூடப் போகவில்லை. ஒருவன் மட்டும் இரவு பதினொரு மணிக்கு ‘உடம்பு வலி போகும்’ என்று கடலில் இறங்கி நீந்திவிட்டு வந்தான். இவ்வளவு தூரம் போய் இரண்டு நாளை வீணாக்கிவிட்டோமோ என்று இப்போது உறுத்துகிறது. பயணத்தில் சும்மா இருப்பதற்கு இடம் உண்டா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

உண்டு. அந்தக் கால்களோடு பத்மநாபபுரத்து மரப்படிகளில் ஏறியிறங்கியிருந்தால் அரண்மனையா கண்ணில் பட்டிருக்கும்? மலையில் மூன்று நாளும் முன்னால் போகிறவன் முதுகைத்தான் பார்த்திருப்பீர்கள். ஒற்றையடிப்பாதையில் பேச்சு ஏது, மூச்சுதான். நண்பர்களோடு நீங்கள் போன இடம் கோவளம். லீவு போட்டால் அதற்கும் கணக்குக் காட்டவேண்டும் என்று நம்மை யாரோ பழக்கிவிட்டார்கள். கொஞ்ச நாளாகவே இதை நினைத்து எரிச்சலில் இருக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு.

இரவு பதினொரு மணி. போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மற்ற மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீர்களா?

1868 மீட்டர் மலை. ஏற்றம் மூச்சை வாங்கும்; தொடையைப் பதம் பார்ப்பது இறக்கம். உடம்பின் எடையை ஒவ்வொரு அடியிலும் பிடித்து நிறுத்த, தொடைத்தசை நீண்டபடியே இழுத்துப் பிடிக்கிறது. இழைகளில் நுண்ணிய சிதைவு உண்டாகிறது. வலி உச்சத்துக்குப் போவது இறங்கிய அன்று அல்ல, அடுத்த ஒன்று முதல் மூன்று நாட்களில். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்பார்கள். அது ஓய்ந்து உட்கார்ந்த ஒரு மணி நேரத்திலேயே ஏறக்குறையப் போய்விடும். வலியை விடுங்கள், தசையின் வலுவும் குறைந்திருக்கும். அந்தத் தொடையை நம்பித்தான் உங்கள் நண்பர் இருட்டில் கடலில் இறங்கியிருக்கிறார்.

என் பெரியப்பா குளச்சல் பக்கம் கட்டுமரத்தில் போய்வந்தவர். கரையேறினால் குளிக்கக் கிணற்றடிக்குத்தான் போவார். எங்களை அலையில் விடுமுன் மணலில் குந்தி, பீடி தீரும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லா இடத்திலும் அலை உடைந்து நுரைக்கும். நடுவே ஓரிடம் மட்டும் அடங்கிக் கிடக்கும். பிள்ளைகள் நாங்கள் அங்கேதான் ஓடுவோம். காதைத் திருகி இழுத்து வருவார். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அது. அதில் மாட்டிக்கொண்டு கரையைப் பார்த்து நேராக நீந்துகிறவன் களைத்து மூழ்குவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகவேண்டும். பதினொரு மணி இருட்டில் அந்த இடம் எது என்று தெரியுமா? தெரிந்தாலும் விலகி நீந்தக் கால் கேட்குமா?

2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் கடலில் மூழ்கிப் போய்விட்டார்கள். அதுவும் பகலில். கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். கள்ளக்கடல் என்றால், எங்கோ தெற்கே நடுக்கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறி அடிக்கும்.

கோவளத்தில் இன்னொரு நாளும் கிடந்திருக்கலாம், தப்பில்லை. நீந்தியே ஆகவேண்டும் என்றால் கால் தேறியபிறகு, பகலில், உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் நீந்தட்டும். இதை அந்த நண்பருக்குப் படித்துக் காட்டுங்கள். சிரித்தாரென்றால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், நேராகவே திட்டுகிறேன்.