டோனட்டும் மட்டன் றோல்ஸும்: பேக்கரிடம் கேளுங்கள்

ரொறன்ரோவில் ஒரு டோனட் கடையில் இரவு பேக்கராகத் தொடங்கி, பிறகு ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ச் சனத்தின் பேக்கரிகளில் பணிஸும் றோல்ஸும் செய்து ஓய்வு பெற்றவன் நான். கனடாவின் கோப்பி, டோனட் கடையான ரிம் ஹோர்ட்டன்ஸ் போன்ற செயின் கடைகளையும் ஊர் பேக்கரிகளையும் ஒப்பிட்டு எதையும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மா, எண்ணெய், கோப்பி மூன்றும் எனக்குத் தெரியும். அதற்கு வெளியே போனால் தெரிந்தவர்களிடம் அனுப்பிவிடுவேன்.

கேள்வி (மார்க்கம்): அண்ணை, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ரிம் ஹோர்ட்டன்ஸ் டோனட் நல்லதா, ஊர் பேக்கரி டோனட் நல்லதா?

பதில்: கடையின் பெயரைப் பார்க்காதீர்கள் தங்கச்சி. எங்கே பொரித்தது, எத்தனை மணிக்குப் பொரித்தது என்று கேளுங்கள். ஈஸ்ட் போட்ட டோனட் எண்ணெயிலிருந்து எடுத்த முதல் சில மணித்தியாலம்தான் நன்றாக இருக்கும். காலையில் பொரித்ததைப் பின்னேரம் சாப்பிட்டுவிட்டு எந்தக் கடைக்கும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

நான் வேலை பழகிய காலத்தில் டோனட் கடை என்றால் பின்பக்கத்தில் ஒரு பேக்கர் விடிய விடிய நிற்பார். மாவைக் குழைத்து, தட்டி, வளையமாக வெட்டி, சூடும் ஈரமும் உள்ள பெட்டிக்குள் பொங்க வைப்போம். விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்பக்கூடாது, ஆறுதலாகப் பாதி மேலே வர வேண்டும். அதுதான் பதம். எண்ணெய் 190 பாகை செல்சியஸுக்குக் கிட்ட இருக்கும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் போல வெந்ததும் இரண்டு மெல்லிய குச்சிகளால் புரட்டி மற்றப் பக்கத்தையும் அதேயளவு விடுவோம். வடிவாகப் பொங்கிய மா உயரமாக மிதக்கும், அதன் நடுப்பகுதி எண்ணெயில் சரியாகத் தோயாது. அதனால் இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு விழும். கடையில் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு இல்லாமல் தட்டையாக, முழுக்கப் பழுப்பாக இருந்தால் மா போதியளவு பொங்கவில்லை என்று அர்த்தம்.

2002 அளவில் ரிம் ஹோர்ட்டன்ஸ் இந்த வேலையைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. பிரான்ற்ஃபோர்ட் நகரில் உள்ள தொழிற்சாலையில் செய்து, உறைய வைத்து, லொறியில் அனுப்புகிறார்கள். கடையில் அவணில் சூடாக்கி மேலே பாகு பூசுவதுதான் மிச்சம். அந்த டோனட் எந்த நகரத்திலும் ஒரே அளவு, ஒரே இனிப்பு. ஆனால் கடித்தவுடன் லேசாக நொறுங்கி உள்ளே பஞ்சாக இறங்கும் அந்த மேல்தோல் எண்ணெயால் மட்டும் வருவது. உறைய வைத்து அவணில் இரண்டாம் முறை சூடாக்கினால் அந்தத் தோல் அப்படியே திரும்பி வராது. நீங்கள் கேட்டதற்கு என் பதில்: அன்று விடியப் பொரித்த பேக்கரி டோனட், காலை 10 மணிக்கு முன்னர். அதைவிட நல்ல டோனட் இல்லை.

கேள்வி (ஏஜாக்ஸ்): ரிம் ஹோர்ட்டன் என்று உண்மையில் ஒரு ஆள் இருந்தாரா? என் மகன் நம்புகிறான் இல்லை.

பதில்: இருந்தார். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஹொக்கி வீரர். 1964-இல் ஹமில்ற்றன் நகரத்தில் ஒட்டாவா வீதியில் கடை திறந்தார். ரொன் ஜொய்ஸ் என்ற முன்னாள் பொலிஸ்காரர் அந்தக் கடையை எடுத்து நடத்தி, 1967-இல் பங்காளியானார். 1974-இல் ஹோர்ட்டன் கார் விபத்தில் இறந்தார். அடுத்த வருடம் ஜொய்ஸ் அவரது குடும்பத்தின் பங்கை 10 லட்சம் டொலருக்கு வாங்கினார். கடை நாடு முழுக்கப் பரவியது ஜொய்ஸின் உழைப்பால். 1995-இல் வெண்டீஸ் என்ற பேர்கர் செயினுடன் சேர்ந்து, பிறகு பிரிந்து, 2014-இல் பேர்கர் கிங்குடன் ஒரே கம்பனிக்குள் போய்விட்டது. தொடக்கத்தில் விற்ற அப்பிள் ஃபிரிற்றர், அதாவது அப்பிள் துண்டு போட்டுப் பொரித்த மா, இன்றைக்கும் விற்கிறது. மகனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துக் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி (மிசிசாகா): எனக்கு நீரிழிவு. கிழமைக்கு எத்தனை டோனட் சாப்பிடலாம்?

பதில்: உங்கள் வைத்தியரைக் கேளுங்கள் ஐயா. நான் மாவுக்குத்தான் பதில் சொல்வேன்.

கேள்வி (பிரம்ப்டன்): செயின் கடையா, லோக்கல் பேக்கரியா? உங்கள் தெரிவு எது?

பதில்: முதல் கேள்விக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: செயின் என்றாலே உறைய வைத்தது என்றும் இல்லை. கிறிஸ்பி கிறீம் 1937-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தொடங்கிய செயின். 2001-இல் கனடாவின் முதல் கடையை மிசிசாகாவில் திறந்தார்கள். இப்படிப்பட்ட பெரிய கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் மா பொங்கி, எண்ணெயில் நீந்தி, பாகு அருவிக்குக் கீழே போய் வருவதை நின்று பார்க்கலாம். சுடச்சுட இருக்கிறது என்ற சிவப்பு விளக்கு எரியும்போது வாங்குங்கள். அதே கம்பனியின் பெட்டியை சுப்பர்மார்க்கெட் றாக்கையில் எடுத்தால் அது வேறு சாமான்.

கேள்வி (விட்பி): மிஞ்சிய டோனட்டை பிரிட்ஜில் வைத்தால் அடுத்த நாள் கல்லாகிவிடுகிறதே?

பதில்: பிரிட்ஜில் வைக்காதீர்கள். பாண், பணிஸ், டோனட் மூன்றையும் பிரிட்ஜில் வைக்காதீர்கள். மாவிலுள்ள ஸ்டார்ச் வெந்தபோது குடித்த தண்ணீரை ஆறிய பிறகு வெளியே விட்டு இறுகத் தொடங்கும். அந்த இறுக்கம் பிரிட்ஜின் குளிரில்தான் ஆகக் கூடிய வேகத்தில் நடக்கும். வெளியே மூடி வைத்தால் மெதுவாக நடக்கும், ஃபிரீசரில் கிட்டத்தட்ட நின்றுவிடும். அன்றைக்கே சாப்பிடாவிட்டால் பாகு பூசாத டோனட்டாகப் பார்த்து, இறுகச் சுற்றி ஃபிரீசரில் போடுங்கள். கிறீம் அடைத்ததை மட்டும் பிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும், அதனால்தான் அதை வாங்கிய அன்றே முடிக்கச் சொல்கிறேன்.

கேள்வி (ஸ்காபரோ): கோப்பி விஷயத்தில் யார் பக்கம் அண்ணை? எங்கள் கடைகளின் கோப்பி எனக்குப் பிடிப்பதில்லை, சொன்னால் ஆட்கள் கோபிக்கிறார்கள்.

பதில்: கோபித்தாலும் பரவாயில்லை, நீங்கள் சொல்வது சரி. கோப்பியில் செயின் கடைதான் முன்னுக்கு நிற்கிறது. வடித்த கோப்பி சூட்டிலேயே இருக்க இருக்கக் கசக்கும், மணம் போய்விடும். ரிம் ஹோர்ட்டன்ஸில் வடித்து 20 நிமிடம் தாண்டிய கோப்பியை ஊற்றக்கூடாது என்பது விதி. வாசலில் எப்போதும் வரிசை நிற்பதால் அந்த விதியைக் காப்பாற்றவும் அவர்களால் முடிகிறது. ஊர் பேக்கரியில் காலை 9 மணிக்கு வடித்தது 11 மணிக்கும் அதே குடுவையில் இருக்கும். வியாபாரம் குறைந்த கடையில் வேறு என்ன செய்வது? அப்படியான இடத்தில் தேத்தண்ணி கேளுங்கள். அதை ஒவ்வொரு கப்பாகப் போட்டுத் தருவார்கள், அதில் எங்கள் ஆட்களை வெல்ல ஆளில்லை.

டபுள் டபுள் பற்றியும் கனபேர் கேட்டிருக்கிறீர்கள். ரிம் ஹோர்ட்டன்ஸில் இரண்டு கிறீம், இரண்டு சீனி போட்ட கோப்பிக்கு அதுதான் பெயர். 2004-இல் கனடிய ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியிலேயே ஏறிய சொல். ஆனால் கிறீமும் சீனியும் கப்பின் அளவுக்கு ஏற்றபடி மெஷினில் விழுகின்றன. பெரிய கப்புக்கு விழும் இரண்டு, சின்னக் கப்புக்கு விழும் இரண்டைவிடக் கூட. கிறீமில் 18 வீதம் கொழுப்பு, கொழுப்பு எடுக்காத பாலில் 3.25 தான். கோப்பியின் கசப்பை அந்தக் கொழுப்பு மூடும், அதனால் சுமாரான கோப்பிக்கும் கிறீம் பொருந்தும். தேநீரில் அதையே ஊற்றினால் சாயத்தின் பிடிப்பே போய்விடும். அங்கே தேநீர் வாங்கினால் கிறீம் வேண்டாம், பால் என்று சொல்லுங்கள்.

கேள்வி (பிக்கரிங்): ஐந்து டோனட்டுக்கு வரி போட்டார்கள், ஆறு வாங்கியபோது வரி இல்லை. பிழையா?

பதில்: பிழை இல்லை, சட்டமே அப்படி. ஆறுக்குக் குறைந்தால் அங்கேயே தின்பதற்கான பலகாரம், ஆறும் அதற்கு மேலும் வீட்டுக்கான சாப்பாட்டுச் சாமான் என்று கணக்கு. பேக்கரியில் வாங்கும் இனிப்புப் பணிஸுக்கும் இதே விதிதான். சூடாக்கித் தரும் றோல்ஸுக்கு எத்தனை வாங்கினாலும் வரி உண்டு.

கேள்வி (ஓஷவா): நான் ஒரு செயின் கடையை ஃபிரான்சைஸாக எடுத்து நடத்துகிறேன். உறைய வைத்தது என்று குறைவாகப் பேசுகிறீர்கள். ஸ்காபரோவில் பாதிக் கடைகளில் மட்டன் றோல்ஸ் ஃபிரீசரிலிருந்துதானே வருகிறது? அதை ஏன் சொல்லவில்லை?

பதில்: நியாயமான கேள்வி தம்பி, சொல்கிறேன். றோல்ஸ் ஃபிரீசரிலிருந்து வருவது உண்மை. ஆனால் எந்தக் கட்டத்தில் உறைய வைத்தார்கள் என்று பாருங்கள். மெல்லிய ரொட்டியில் இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, பொரிக்காமல் உறைய வைக்கிறோம். எண்ணெயை அது முதன்முதலாகக் காண்பது கடையில், நீங்கள் வாங்கும் நாளில். மொறுமொறுப்பு அன்றைக்கே பிறக்கிறது. செயின் கடை டோனட் எண்ணெயைக் கண்டுவிட்டுத்தான் உறைகிறது. பொரித்த றோல்ஸை உறைய வைத்து மைக்ரோவேவில் சூடாக்கித் தரும் பேக்கரியும் இருக்கிறது. அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்று உங்களோடு சேர்ந்து நானும் சொல்வேன்.

ஓஷவா மீண்டும்: இரவு பேக்கர் இன்று எங்கே கிடைக்கிறார்? விடியப் பொரித்ததில் பாதி மிஞ்சி இரவில் குப்பைக்குப் போகும். இப்போது தேவைக்கு ஏற்ப மணிக்கு மணி சூடாக்குகிறோம். பின்னேரம் 3 மணிக்கு என் டோனட்டையும் பேக்கரி டோனட்டையும் வைத்துப் பாருங்கள்.

இடையில் ஒருவர் (நோர்த் யோர்க்): அந்த முறையை எதிர்த்து ஃபிரான்சைஸ்காரர்களே கோர்ட்டுக்குப் போனார்களே! உங்களுக்கு மட்டும் இனிக்கிறதா?

பதில்: இரண்டு பேரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கோர்ட் விஷயம் உண்மை. உறைந்த டோனட்டால் தங்களுக்குச் செலவு கூடியது என்று 2008-இல் ரிம் ஹோர்ட்டன்ஸ் கடைக்காரர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2012-இல் ஒன்ராறியோ நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. வழக்கு ருசியைப் பற்றியது அல்ல, காசைப் பற்றியது.

பின்னேரம் 3 மணி பற்றி ஓஷவாத் தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரத்தில், அரை மணிக்கு முன் சூடாக்கிய அவருடைய டோனட், விடிய 5 மணிக்குப் பொரித்த பேக்கரி டோனட்டை வெல்லும். அதனால்தான் காலை 10 மணிக்கு முன்னர் போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இரவு பேக்கர் கிடைப்பதில்லை என்பதும் சரி. அந்த வேலைக்குக் கம்பனிகள் நல்ல சம்பளம் கொடுத்து, ஆட்களைப் பழக்கி வைத்திருந்தால் கிடைத்திருப்பார்கள். மாவைத் தொட்டுப் பதம் பார்க்கத் தெரிந்த ஒரு தலைமுறையையே இந்த முறை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எனக்கு அதில்தான் கவலை. றோல்ஸ் சுருட்டும் அக்காமாருக்கும் நாளை அதே கதி வரக்கூடாது என்று நினைக்கிறேன்.

ஓஷவா மீண்டும்: சரி அண்ணை, ஆனால் ஒரு கடையின் வாடகையை...

பதில்: வாடகைக் கணக்கை வேறொரு நாள் பேசுவோம் தம்பி. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (வோன்): ரிம்ஸ் நல்லதா, ஊர் பேக்கரி நல்லதா?

பதில்: மேலே மூன்று இடத்தில் இருக்கிறது. தயவுசெய்து வாசியுங்கள்.

கேள்வி (எற்றோபிக்கோ): நல்ல டோனட் செய்யும் ஊர் பேக்கரி எங்கே தேடுவது? தமிழ்க் கடைகளில் டோனட் குறைவு.

பதில்: எங்கள் கடைகளில் டோனட்டைத் தேடாதீர்கள். அங்கே மீன் பணிஸ், சீனிச் சம்பல் பணிஸ், மேலே சீனி ஒட்டிய கிம்புலா பணிஸ் வாங்க வேண்டும். டோனட்டுக்கு அதை ஊரிலிருந்து கொண்டு வந்த மற்றச் சனங்களிடம் போங்கள். உங்கள் பக்கத்திலேயே சான் ரெமோ என்ற இத்தாலியப் பேக்கரி 1969 முதல் நடக்கிறது. அப்பிள் ஃபிரிற்றர் அங்கே கேளுங்கள். போலந்துக்காரர்களின் பொன்ச்கி, உள்ளே பழ ஜாம் வைத்த கனமான டோனட். நோன்பு காலம் தொடங்குவதற்கு முந்தைய வியாழக்கிழமை அவர்கள் பேக்கரிகளில் மலையாகக் குவியும். அன்றைக்குப் போனால் ஆறியது கிடைக்க வழியே இல்லை, அவ்வளவு வேகமாக விற்கும். போர்த்துக்கேயரின் மலசாதா துளையில்லாத, சீனியில் புரட்டிய பொரித்த மா. வாயில் வைத்தால் யாழ்ப்பாணத்து வாய்ப்பன் நினைவுக்கு வரும், வாழைப்பழ மணம் மட்டும் இருக்காது.

கேள்வி (கிச்சினர்): ஃபிரான்சைஸ் எடுக்க யோசிக்கிறேன். லாபம் வருமா?

பதில்: கணக்காளரையும் சட்டத்தரணியையும் கேளுங்கள். ஒன்ராறியோச் சட்டப்படி கையெழுத்துக்கோ காசு கட்டுவதற்கோ 14 நாளுக்கு முன்னர் எல்லா விபரமும் உள்ள ஆவணத்தை உங்களிடம் தர வேண்டும். அந்த 14 நாளையும் வாசிப்பதற்குப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (மில்ற்றன்): பிரிட்ஜில் வைத்த டோனட்டை எப்படி மென்மையாக்குவது?

பதில்: பிரிட்ஜில் வைக்காதீர்கள். வைத்துவிட்டால் மைக்ரோவேவில் பத்து விநாடி, உடனே சாப்பிட வேண்டும்.

கேள்வி (ஸ்காபரோ): மகளின் பிறந்தநாளுக்கு நூறு மட்டன் றோல்ஸும் நாலு பெட்டி டோனட்டும் எடுக்கப் போகிறேன். விழா பின்னேரம் 5 மணி. காலையிலேயே எடுத்து வைக்கலாமா அண்ணை?

பதில்: டோனட்டை முன்கூட்டி எடுக்கலாம், ஆனால் காலையில் வேண்டாம். மத்தியானத்துக்குப் பிறகு எடுங்கள், பெட்டியின் மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லையென்றால் பாகு வேர்த்து உருகும். காருக்குள் விடாதீர்கள்.

றோல்ஸைக் காலையில் எடுக்கவே வேண்டாம். இறைச்சி உள்ள சாமான் சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. இரண்டு கிழமைக்கு முன்னரே பேக்கரியில் சொல்லி, 4 மணிக்குப் பொரித்துத் தரச் சொல்லுங்கள். பிளாஸ்ரிக் பெட்டியில் மூடி அடைத்தால் ஆவியில் ரஸ்க் தூள் ஊறிவிடும். அலுமினியத் தட்டில் அடுக்கி, மேலே பேப்பர் போட்டு, ஒரு மூலையைத் திறந்து விடச் சொல்லுங்கள். வீட்டில் அவணை 95 பாகை செல்சியஸில் வைத்து தட்டோடு உள்ளே தள்ளினால் ஆட்கள் வந்து சேரும்வரை சூடு நிற்கும். ஐந்து மணிக்கு வரச் சொன்னால் எங்கள் ஆட்கள் ஆறரைக்குத்தான் வருவார்கள், அதையும் கணக்கில் எடுத்து பொரிக்கும் நேரத்தைச் சொல்லுங்கள்.