80 சதவீதம் சார்ஜ் இருந்தும் வண்டி எழவில்லை: 12 வோல்ட் பேட்டரி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ராத்திரி என் மின்சார காரை நிறுத்தும்போது 80 சதவீதம் சார்ஜ் இருந்தது. காலையில் ரிமோட்டை அழுத்தினால் கதவே திறக்கவில்லை. சின்ன பேட்டரி போய்விட்டது என்கிறார்கள். அவ்வளவு பெரிய பேட்டரி அடியில் இருக்கும்போது இது எதற்கு சார்?

பதில்: பெரிய பேட்டரி பெரும்பாலான கார்களில் 300, 400 வோல்ட் அளவில் இருக்கும். சிலவற்றில் 800 வோல்ட். வண்டி நிற்கும்போது அந்த மின்சாரம் பேட்டரிப் பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது. அதனால் பெட்டிக்குள்ளேயே கான்டாக்டர் என்கிற தடித்த ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) அதைத் துண்டித்து வைத்திருக்கும். விபத்து நடந்தாலும் துண்டிப்பது இவைதான். அந்த ரிலேயை இணைக்க வேண்டிய மின்சாரத்தை 12 வோல்ட் பேட்டரிதான் கொடுக்கிறது. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் எடுக்க வழியில்லை. கதவுப் பூட்டு, திரை, விளக்கு, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாமே இந்தச் சின்ன பேட்டரியை நம்பித்தான் விழிக்கின்றன. பல கார்களில் சார்ஜர் வயரைச் செருகினால்கூட சார்ஜ் ஏறாது.

வண்டி ஆன் ஆனதும் டிசி-டிசி கன்வெர்ட்டர் பெரிய பேட்டரியிலிருந்து எடுத்துச் சின்னதை நிரப்பும். பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர் செய்கிற வேலை அது.

கேள்வி: பெட்ரோல் காரில் பேட்டரி சாகும் முன்னால் செல்ஃப் இழுக்கும், நமக்குத் தெரிந்துவிடும். இதில் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் போகிறது?

பதில்: எல்லோருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். செல்ஃப் மோட்டார் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். தினமும் காலையில் பேட்டரிக்கு ஒரு பரீட்சை நடந்த மாதிரி. மின்சார காரில் அந்தப் பரீட்சையே கிடையாது. ரிலேயை இணைக்கவும் கம்ப்யூட்டர்களை எழுப்பவும் சில ஆம்பியரோ, கொஞ்சம் கூடவோ போதும். அதனால் கொள்ளளவில் பெரும்பகுதியை இழந்த பேட்டரிகூட மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மூன்று நாள் வண்டியை எடுக்காமல் விட்டோம் என்றால் அன்றைக்குத்தான் கதை தெரியும்.

சில அறிகுறிகள் வரும், கவனியுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும், ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும். திரை தானாக அணைந்து மறுபடி வரும். சார்ஜ் ஏறத் தொடங்கி நின்றுவிடும். இவற்றைப் பார்த்துவிட்டு சாஃப்ட்வேர் கோளாறு என்று சும்மா இருக்காதீர்கள். முதலில் சின்ன பேட்டரியை அளந்து பாருங்கள்.

கேள்வி: நான் மல்டிமீட்டரில் அளந்தேன், 14.3 காட்டியது. அப்படியானால் பேட்டரி நன்றாக இருக்கிறது, சரிதானே அண்ணா?

பதில்: இல்லை தம்பி. இதே தவறை நானும் செய்திருக்கிறேன். என் மைத்துனர் வண்டியின் பானட்டைத் திறந்து வைத்து அளந்தேன், 14.2 வந்தது, கவலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவர் குழந்தைகளோடு வழியில் நின்றார். நடந்தது என்னவென்றால், கதவைத் திறந்ததும் வண்டி விழித்துக்கொண்டது, கன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றத் தொடங்கிவிட்டது. நான் அளந்தது கன்வெர்ட்டரை, பேட்டரியை அல்ல.

பேட்டரி கைக்கு எட்டும்படி பானட்டைத் திறந்து வையுங்கள். காரைப் பூட்டி, சாவியைத் தூரத்தில் வைத்துவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டு, கதவைத் தொடாமல் நேராக டெர்மினலில் அளங்கள். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி என்றால் 12.6, 12.7 வந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். 11.8 என்றால் காலி. ஏஜிஎம் என்கிற சீல் செய்த லெட் ஆசிட் வகையில் இந்த எண்கள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அளவு நன்றாக வந்தாலும் மூன்று நான்கு வருடம் ஆன பேட்டரி என்றால் பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் (கரன்ட் இழுத்துப் பார்க்கும் சோதனை) செய்துவிடுங்கள். கொள்ளளவு குறைந்ததை வோல்ட் மட்டும் காட்டிக்கொடுக்காது.

கேள்வி: இறங்கிப்போன பிறகு வேறு காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு எழுப்பலாமா? ஷாக் அடிக்குமா?

பதில்: பெரும்பாலான கார்களில் தாராளமாக எழுப்பலாம். நீங்கள் தொடுவது 12 வோல்ட் மட்டும். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் எதையும் தொடாதீர்கள், அதுதான் உயர் மின்னழுத்தம்.

முதலில் உங்கள் வண்டியின் கையேட்டில் ஜம்ப் பாயின்ட், அதாவது கேபிள் மாட்டும் இடம், எங்கே என்று பாருங்கள். பேட்டரி பின்னால் இருந்தாலும், பாயின்ட் முன்பக்க ஃபியூஸ் பாக்ஸில் இருக்கலாம். பாசிட்டிவை முதலில் மாட்டுங்கள். நெகட்டிவை பேட்டரியின் முனையில் மாட்டாமல் கையேடு காட்டும் கிரவுண்ட் போல்ட்டில் மாட்டுங்கள். எடுக்கும்போது நெகட்டிவ் முதலில். தேவைப்படும் கரன்ட் குறைவு என்பதால் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றே போதும். வண்டி 'ரெடி' என்று காட்டியதும் கேபிளை எடுத்துவிட்டு, அணைக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். பத்து நிமிடத்தில் அணைத்தால் மறுபடி அதே நிலைதான்.

ஒரு தடவை முழுதாகக் காலியான லெட் ஆசிட் பேட்டரி பழைய தெம்புக்குத் திரும்பாது. தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பல நாள் காலியாகவே கிடந்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: என் மின்சார காரை வைத்து பக்கத்து வீட்டுக்காரரின் பெட்ரோல் காரை ஸ்டார்ட் செய்து கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். செல்ஃப் கேட்கிற கரன்ட்டை உங்கள் கன்வெர்ட்டர் தாங்காது. பல கையேடுகளில் கூடாது என்றே போட்டிருக்கும்.

கேள்வி: பேட்டரி பானட்டுக்கு அடியில், பானட் திறப்பதோ எலக்ட்ரிக் பட்டனில். இப்போது என்ன செய்வது?

பதில்: கதவுக்கு ரிமோட்டின் உள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், உருவி எடுங்கள். பானட்டுக்கு வண்டிக்கு வண்டி வழி வேறு. டெஸ்லா மாடல் 3-இல் முன் பம்பரில் இழுவைக் கொக்கி மாட்டும் இடத்தின் மூடியைத் திறந்தால் இரண்டு வயர்கள் வரும், அதற்கு 12 வோல்ட் கொடுத்தால் பானட் திறக்கும். உங்கள் வண்டிக்கு என்ன வழி என்று இன்றைக்கே படித்து வையுங்கள், இருட்டில் தேடவேண்டாம். இழுத்துச் செல்லத்தான் வேண்டும் என்றால் சக்கரம் தரையில் உருளாமல் முழு வண்டியையும் ஏற்றுகிற லாரியைக் கேளுங்கள்.

கேள்வி: புது பேட்டரி போட்டு மூன்று மாதத்தில் மறுபடி இறங்கிவிட்டது. டேஷ்கேம் காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். நிறுத்திய பிறகும் ஓடுகிற டேஷ்கேம் 0.3 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாளில் காலி. ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் கோளாறு பார்க்கச் செருகும் இடம்) செருகி வைத்த கருவி, நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை எழுப்பிப் பார்க்கிற மொபைல் ஆப் இவையும் அதே வேலையைச் செய்யும்.

எல்லாவற்றையும் கழற்றியும் இறங்கினால் கன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள். ரெடி நிலையில் டெர்மினலில் 13.5க்கு மேல் வரவேண்டும். 12.5-லேயே நின்றால், அதுவும் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். 2024-இல் ஹூண்டாயும் கியாவும் ஐயோனிக் 5, ஐயோனிக் 6, ஈவி6 கார்களைத் திரும்ப அழைத்தது இதே வகைக் கோளாறுக்குத்தான். ஐசிசியு என்கிற சார்ஜிங் யூனிட் பழுதாகி 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் நின்றுவிடும். உங்களுடையது அந்த வரிசையில் இருந்தால் வண்டியின் சேஸிஸ் எண்ணை வைத்து விசாரியுங்கள்.

கேள்வி: லெட் ஆசிட்டை எடுத்துவிட்டு லித்தியம் போடலாமா?

பதில்: கம்பெனி அனுமதித்த பேட்டரி என்றால் மட்டும். சார்ஜ் வோல்ட்டேஜ் ஒத்துப்போகவேண்டும். 2021 முதல் டெஸ்லா சில மாடல்களில் ஏறக்குறைய 16 வோல்ட் லித்தியம் பேட்டரியே வைக்கிறது. அதில் சாதாரண 12 வோல்ட் சார்ஜரை மாட்டக்கூடாது.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே 12 வோல்ட் எச்சரிக்கை வந்தால் வீடு வரை ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். கன்வெர்ட்டர் நின்றிருந்தால் ஸ்டியரிங் உதவி, பிரேக் பூஸ்டர், விளக்கு எல்லாம் அந்தச் சின்ன பேட்டரியில் மிச்சம் இருப்பதை வைத்தே ஓடுகின்றன. ஏசி, சீட் ஹீட்டரை அணைத்துவிட்டு, பாதுகாப்பான முதல் இடத்தில் ஓரம் கட்டுங்கள். அணைப்பதற்கு முன்னால் ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கி, பானட்டையும் திறந்து வையுங்கள். அணைத்தபின் அவை திறக்காமல் போகலாம்.