அமாவாசையை ஒட்டி ஸ்கோமர் தீவு

கேள்வி: எனக்கு வயது 55, வங்கிப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். வரும் ஜூனில் வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகரில் என் கல்லூரித் தோழியின் வீட்டில் மூன்று வாரம் தங்கப் போகிறேன். அவளுக்கு விடுப்புக் கிடைக்காது என்பதால், கடற்பறவைகள் வாழும் ஸ்கோமர் தீவுக்கு நான் மட்டும் போய்வர விரும்புகிறேன். "கோடியக்கரைக்கே துணையோடு போகிறவள், முன்பின் தெரியாத தீவுக்குத் தனியாகவா?" என்று வீட்டில் தடுக்கிறார்கள். போகலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அவசியம் போய்வாருங்கள். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்பினால் அத்தீவின் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். ஓர் இரவாவது அங்கே தங்குங்கள்.

பகலில் பஃபின்களைக் காணலாம். வண்ண அலகு கொண்ட அப்பறவைகள் 40,000-க்கும் மேல் அங்கே கூடுகின்றன. ஜூலை முடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிடும் என்பதால், நீங்கள் தேர்ந்த மாதம் பொருத்தமானதே. எனினும் என்னைக் கேட்டால், அத்தீவின் பெருமை மேங்க்ஸ் ஷியர்வாட்டர் பறவைகள்தான். வடக்கே குளிர்காலமாக இருக்கும் மாதங்களைத் தென் அமெரிக்கக் கடலோரத்தில் கழித்துவிட்டு வரும் இவை, சுமார் 3,50,000 இணைகளாக அங்கே மண்வளைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. தரையில் தத்தித் தவழ்ந்தே நகரக்கூடிய இப்பறவைகள், கடற்காகங்களுக்கு இரையாகாமல் தப்புவதற்காக, நன்றாக இருட்டிய பிறகே கடலிலிருந்து வளைக்குத் திரும்பும். நிலவில்லாத இரவுகளில்தான் அவை பெருந்திரளாக வந்திறங்கும். ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்து அமாவாசையை ஒட்டிய நாளாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூனில் அங்கே பொழுது சாயவே இரவு ஒன்பதரை ஆகிவிடும். நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டியிருக்கும்.

வீட்டாரின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பறவைக் காலத்தில் தீவிலேயே காப்பாளர்கள் தங்கியிருப்பதையும், பகலில் நாளொன்றுக்கு 250 பேரை மட்டுமே இறங்க அனுமதிப்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது காற்றை. படகுத்துறை வடக்கு நோக்கி இருப்பதால், வாடைக்காற்று பலமாக வீசினால் படகு கரை சேர முடியாது. போவதும் தடைபடலாம், திரும்புவதும் தடைபடலாம். ஆகையால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய சில நாட்களில் இப்பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். இறங்கியதும் 87 படிகள் ஏற வேண்டும். மூட்டுவலி இருந்தால் முன்னரே யோசியுங்கள்.

கார்டிஃபிலிருந்து ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் வரை ரயில் உண்டு. அங்கிருந்து படகு புறப்படும் மார்ட்டின்ஸ் ஹேவனுக்கு வாடகைக் கார் பேசிக்கொள்வது நல்லது. தங்கும் இடங்கள் மிகக் குறைவு என்பதால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே தீவில் இடம் பதிவு செய்துவிடுங்கள். தீவில் உணவுக்கடை கிடையாது. சமைத்துக்கொள்ள வசதி உண்டு. அரிசியும் ஒரு புட்டி புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் போதும்.

நாற்றை மிதிக்காமல் வரப்பில் நடப்பதைப் போலப் பாதையை விட்டு விலகாமல் நடங்கள். காலடி மண் சரிந்தால் வளைக்குள் இருக்கும் குஞ்சு புதைந்துவிடும். இரவில் பறவைகள் பாதையிலேயே அமர்ந்திருக்கும். கைவிளக்கைத் தரையை நோக்கித் தாழ்த்திப் பிடியுங்கள். படகேறும் முன், எலி ஏதும் புகுந்திருக்கிறதா என்று பைகளையும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். தரைக்குள் கூடு வைக்கும் இத்தனை லட்சம் பறவைகள் அங்கே பிழைத்திருப்பதற்கு, அத்தீவில் எலியே இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.