ரெப்போட் கொடுத்தாகிவிட்டது, அடுத்து யாரைக் கேட்பது?

கோலாலம்பூர் செந்தூல் வாசகர் ஒருவரின் கேள்வி: இரண்டரை மாதங்களுக்கு முன் காலையில் கோயிலுக்கு நடந்துபோன என் அம்மாவின் தாலிக்கொடியை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கீழே விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது, கழுத்தில் தையல் போட்டார்கள். அம்மா மருத்துவமனையில் இருந்ததால் போலீஸ் புகாரை நான்தான் கொடுத்தேன். பிறகு ஒரு தகவலும் இல்லை. விசாரணை அதிகாரி போனை எடுப்பதில்லை. ஒருவன் பிடிபட்டுவிட்டான் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா? வழக்கறிஞர் வைக்க வேண்டுமா?

பதில்: தம்பி, போனைக் கீழே வைத்துவிட்டுத் தாளை எடுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு நம் மலேசியச் சட்டம் தந்திருக்கும் உரிமைகள் சிலதான். அவையும் கேட்டால்தான் கிடைக்கும். உரிய ஆளிடம், உரிய நேரத்தில், எழுத்தில் கேட்க வேண்டும்.

முதல் கடிதம், புகார் கொடுத்த போலீஸ் நிலையத்தின் தலைவருக்கு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்படி, புகார் கொடுத்து 4 வாரங்கள் ஆனபின் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கடிதம் கிடைத்த 2 வாரங்களுக்குள் அவர் பதில் தர வேண்டும். விசாரணையைக் கெடுக்கக்கூடிய விவரங்களை மட்டும் அவர் சொல்ல வேண்டியதில்லை. வாரண்டு இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றங்களுக்குத்தான் இந்த வசதி. வழிப்பறி அதில் அடங்கும். தண்டனைச் சட்டத்தின் 323 பிரிவில் வரும் சாதாரண அடிதடி அடங்காது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்த உரிமை புகார் கொடுத்தவருக்கு உரியது. புகார் உங்கள் பெயரில் இருப்பதால் கையெழுத்தும் உங்களுடையதாக இருக்க வேண்டும், அம்மாவுடையது அல்ல. புகார் எண், தேதி, விசாரணை அதிகாரியின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போய், உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த முத்திரை போட்ட பிரதியை இணைத்து அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுதலாம். அங்கிருந்து மாவட்டப் போலீஸ் தலைவரிடம் விளக்கம் கேட்பார்கள். முத்திரை இல்லாத கடிதத்தை எழுதாத கடிதமாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே இன்னொன்றும் பாருங்கள். அவசரத்தில் கொடுத்த புகாரில் "சங்கிலி பறிபோனது" என்று மட்டும் இருக்கிறதா, காயமும் இருக்கிறதா? காயம் விட்டுப்போயிருந்தால் உடனே கூடுதல் புகார் கொடுங்கள். வெறும் திருட்டு என்றால் தண்டனைச் சட்டத்தின் 379 பிரிவு, அதிகபட்சம் 7 ஆண்டு. வழிப்பறி போன்ற கொள்ளை என்றால் 392, அதிகபட்சம் 10 ஆண்டு, இரவில் நடந்தால் 14 ஆண்டு. கொள்ளையின்போது காயப்படுத்தினால் 394, அது 20 ஆண்டுவரை போகும். எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது என்பது அரசுத் தரப்பின் முடிவு. அவர்கள் முன் இருக்கும் கோப்பில் அம்மாவின் மணிக்கட்டு இருக்க வேண்டுமே!

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம். நான் பல ஆண்டுகள் அரசுத் தரப்பில் நின்று வழக்கு நடத்தியவள். இப்போது பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் வழக்கை உட்கார்ந்து கவனிக்கிற வேலை, அதாவது 'வாட்சிங் பிரீஃப்'. ஆரம்ப காலத்தில் ஒரு வழிப்பறி வழக்கு என் கையில் இருந்தது. குறிப்பிட்ட காலையில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது, பையன் ஒப்புக்கொண்டான், தண்டனை விதிக்கப்பட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கோப்பு முடிந்தது என்று எனக்கு நிம்மதி. சில வாரம் கழித்து ஒரு பாட்டி ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே மருந்துக்கடை ரசீதுகள், தேதி வாரியாக ரப்பர் பேண்டு போட்டு. "கேஸ் எப்பம்மா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே குற்றம் சாட்டும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். விசாரணை அதிகாரிக்கும், யாரென்று தெரிந்தவுடன் அரசுத் தரப்பில் வழக்கை நடத்தும் துணை வழக்கறிஞருக்கும் இப்போதே எழுதிவிடுங்கள். செந்தூல் வழக்கு பெரும்பாலும் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்குத்தான் வரும். கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் போதும்.

ஒன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவின்படி, தண்டனை விதிக்கும் முன் குற்றத்தால் நேர்ந்த பாதிப்பைப் பற்றி அம்மா நீதிமன்றத்தில் பேச விரும்புகிறார் என்பது. குடும்பத்தினரும் பேசலாம், வர இயலாதவர் எழுதியும் கொடுக்கலாம். "மிகுந்த மன உளைச்சல்" என்று எழுத வேண்டாம், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். கோயிலுக்குப் போவதை எந்த நாளிலிருந்து நிறுத்தினார், மோட்டார் சத்தம் கேட்டால் என்ன செய்கிறார், இடியாப்பம் பிழிய எந்தக் கை உதவுவதில்லை என்று எழுதுங்கள்.

இரண்டு, அதே சட்டத்தின் 426 பிரிவின்படி இழப்பீடு. தீர்ப்புக்குப் பின் அரசுத் தரப்பு விண்ணப்பித்தால், குற்றவாளி இழப்பீடு கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். விண்ணப்பிப்பது அவர்கள், கணக்குத் தருவது நீங்கள்: மருத்துவச் செலவு, போக்குவரத்து, இழந்த வருமானம், நகையின் மதிப்பு. குற்றவாளியின் வசதியையும் நீதிமன்றம் பார்க்கும் என்பதால் பல வழக்குகளில் இது கல்லில் நார் உரிக்கிற கதைதான். ஆனாலும் கேளுங்கள். உத்தரவின்படி கட்டப்பட்ட தொகைக்கு மேல் சேரவேண்டியதைச் சிவில் வழக்கில் கேட்கும் உரிமை அதனால் போய்விடாது.

தண்டனை குறைவு என்று பட்டால் மேல்முறையீடு செய்ய உங்களால் முடியாது, அரசுத் தரப்பால்தான் முடியும். அதற்கு 14 நாள்தான் இருக்கிறது. முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள்.

அதிகாரி மெதுவாக வேலை செய்கிறார் என்பது வேறு, தவறாக நடந்துகொள்கிறார் என்பது வேறு. லஞ்சம் தவிர்த்த நடத்தைப் புகார்களுக்குச் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் 2023 ஜூலை 1 முதல் இயங்குகிறது. போன் எடுக்காததற்கு முதலில் 107ஏ போதும்.

வழக்கறிஞர் கட்டாயமில்லை. மேலே சொன்ன கடிதங்களை நீங்களே எழுதலாம். எதிர்த்தரப்பு குற்றத்தை மறுத்து வழக்கு விசாரணைக்குப் போனால், அம்மா சாட்சிக்கூண்டில் ஏறும் நாட்களுக்கு மட்டும் ஒருவரை அமர்த்தினால் நல்லது. அவர் அங்கே குறுக்கு விசாரணை செய்ய முடியாது, ஆனால் நடப்பதை உங்களுக்குப் புரியவைப்பார், துணை வழக்கறிஞருக்கும் நினைவூட்டுவார்.

நகை ஒருவேளை கிடைத்தால் அது சான்றுப் பொருள், உடனே கைக்கு வராது. அது அம்மாவுடையதுதான் என்று காட்டவேண்டிய நாள் வரும். நகைக்கடை ரசீது தொலைந்திருந்தால் வீட்டுக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டுங்கள். தாலியின் வேலைப்பாடு தெரிகிற படம் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும்.