கூகுளில் முதல் இடமும் அளவு நோட்டும்

கேள்வி: பதினோரு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ப்ளவுஸ், சுடிதார், கொஞ்சம் ஆரி வேலை. போன மாதம் ஒரு தம்பி வந்தார். மாதம் எட்டாயிரம் கொடுத்தால் கூகுளில் முதல் இடம், கடைப் பெயரோடு 'பெஸ்ட் ஆரி வொர்க் டெய்லர் சென்னை' என்று சேர்த்துவிடலாம், ஐம்பது ரிவ்யூவும் போட்டுத் தருகிறேன் என்கிறார். இரண்டு தெரு தள்ளி போன வருஷம் வந்த கடைதான் மேப்பில் முதலில் தெரிகிறது. என்னிடம் வருவது எல்லாம் பழைய ஆட்கள். அவர்களை வைத்தே ஓட்டலாமா, பணத்தைக் கட்டிவிடவா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கட்டாதீர்கள்.

மேப்பில் எந்தக் கடை மேலே வரும் என்பதற்கு கூகுள் மூன்று விஷயம் பார்க்கிறது: தேடுவதும் உங்கள் தொழிலும் பொருந்துகிறதா, தேடுகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், கடை எவ்வளவு பேர் அறிந்த கடை. இந்த வரிசையில் காசு கொடுத்து மேலே ஏற முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது (விளம்பரம் என்று போட்டு வருவது வேறு கணக்கு). தூரத்தை அந்தத் தம்பியால் மாற்ற முடியுமா? தாம்பரத்தில் இருப்பவருக்கு உங்கள் கடை தெரிந்துதான் என்ன, துணி கொடுக்க ஒரு தடவை, வாங்க ஒரு தடவை, கை டைட்டாக இருக்கிறது என்று பிரிக்க ஒரு தடவை என்று ஒரு ப்ளவுஸுக்காக யார் அங்கிருந்து வருவார்கள்? உங்கள் ஆட்கள் கொருக்குப்பேட்டையிலும் ராயபுரத்திலும் இருக்கிறார்கள், எம்.சி. ரோட்டில் புடவை எடுத்துவிட்டு அங்கேயே நின்று போனில் டெய்லர் தேடுகிறார்கள். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு திருவொற்றியூரும் பக்கம்தான். கடை எந்த ஸ்டேஷனுக்குக் கிட்டே என்று கூகுளில் உள்ள கடை விவரத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பெயர் விஷயம் ஆபத்து. போர்டில் இருக்கும் பெயர்தான் கூகுளிலும் இருக்க வேண்டும். தேடும் வார்த்தைகளை அதில் சொருகினால் கடையின் பக்கத்தையே கூகுள் முடக்கிவிடலாம். காசு கொடுத்த ரிவ்யூவும் அப்படித்தான், கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். நீக்காவிட்டாலும், ஒரே வாரத்தில் ஐம்பது பேர் 'சூப்பர் சர்வீஸ்' என்று எழுதியிருப்பதை நம் ஏரியாவில் யார் நம்புகிறார்கள் சொல்லுங்கள்.

கடையின் பக்கத்தை நீங்களே சரிசெய்யலாம், அதற்குக் காசு இல்லை. திறக்கும் நேரம், எடுத்துப் பேசும் போன் நம்பர், நீங்கள் தைத்த ப்ளவுஸின் படம், அவ்வளவுதான். அப்புறம்தான் முக்கியமானது. உங்களை மேலே ஏற்றப் போவது அந்தப் பழைய ஆட்கள்தான். ஒரு அக்கா ப்ளவுஸைப் போட்டு கண்ணாடி முன்னால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார் இல்லையா, அந்த நேரத்தில் கேளுங்கள், 'அக்கா, கூகுள்ல ரெண்டு வரி எழுதுங்களேன்' என்று. அவர் 'ஆரி வேலை நல்லா இருக்கு, முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே கொடுத்துட்டாங்க' என்று எழுதுவார். புதிதாகத் தேடும் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது அதுதான், எட்டாயிரம் கொடுத்தாலும் அந்தத் தம்பிக்கு அப்படி எழுத வராது. ஆனால் எழுதினால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள், அது விதிக்கு விரோதம்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். கூகுள் பார்த்து ஆட்கள் வர ஆரம்பித்து, தீபாவளிக்கு முந்தின வாரம் துணி மலையாகக் குவிந்து, பதினோரு வருஷமாக வருகிற அக்காவிடம் மூன்று தடவை 'நாளைக்கு வாங்கக்கா' என்று சொன்னீர்கள் என்றால் அவர் சண்டை எதுவும் போட மாட்டார், பொங்கலுக்கு வேறு கடைக்குப் போய்விடுவார். அளவு நோட்டில் அவர் பக்கம் மட்டும் உங்களிடம் இருக்கும். அதனால் ஒரு நாளைக்கு எத்தனை ப்ளவுஸ் முடியும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் யார் வந்தாலும் தேதியைத் தள்ளிச் சொல்லுங்கள். எட்டாயிரம் கையில் இருந்தால் சீசனில் கொக்கி வைக்கவும் ஹெம்மிங் செய்யவும் ஒரு ஆள் போடுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்டில் (ஒரே செய்தி பலருக்கும் தனித்தனியாகப் போகும் வசதி) 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைச் சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். துணி வாங்கும்போதே சேவ் செய்யச் சொல்லுங்கள். 'துணி ரெடி', 'தீபாவளி ஆர்டர் இந்தத் தேதியோடு நிறுத்தம்', இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் டெய்லர் தினமும் காலையில் ரோஜாப்பூ அனுப்புகிறார், மியூட்டில் போட்டு ஒரு வருஷம் ஆகிறது.

கேள்வி: மொபைல் சர்வீஸ் கடை நடத்துகிறேன். கடைக்கே வராத ஒருவர் ஒரு ஸ்டார் போட்டுத் திட்டியிருக்கிறார். என்ன செய்ய?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: கூகுளிடம் புகார் கொடுங்கள். விதியை மீறியிருந்தால்தான் எடுப்பார்கள், நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எடுக்க மாட்டார்கள். அதுவரை கீழே பதில் எழுதுங்கள்: 'உங்கள் பெயர் என் ரெஜிஸ்டரில் இல்லை, பில் நம்பர் சொன்னால் பார்த்துச் சரிசெய்கிறேன்.' இதைப் படிக்கப் போவது அவர் இல்லை, டிஸ்ப்ளே உடைந்துபோய் அடுத்து கடை தேடுகிறவர். ராத்திரி பதினோரு மணிக்குக் கோபத்தோடு உட்கார்ந்து எழுத வேண்டாம், காலையில் கடை திறந்த பிறகு எழுதுங்கள்.