மழை பெய்தால் தூக்கம் வருவதில்லை: மலையகத்துக் கேள்விகளும் பதில்களும்

இலங்கை மலையகத்தில், பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உளவளத்துணை (மனநல ஆலோசனை) வேலை செய்கிறேன். மழை, மண்சரிவு, வெயில் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னால் மலை. மழை தொடங்கினால் மகள் ஸ்கூல் பேக்கைக் கட்டிக்கொண்டு விழித்தே இருக்கிறாள். "ஒன்றும் ஆகாது" என்று சொல்லித் தூங்க வைக்கலாமா அக்கா? (பசறை)

வேண்டாம் தங்கச்சி. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடியது பிள்ளைகளுக்கும் தெரியும், சும்மா சமாதானம் சொன்னால் அப்புறம் நம்ம பேச்சையே நம்ப மாட்டாள். எப்போது கிளம்புவது, எங்கே போவது, பாட்டியை யார் தூக்குவது என்று பகலிலேயே அவளையும் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்யுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கவும், 100 தாண்டினால் தயாராகவும், 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறவும் சொல்கிறது. நேரான பால்மா டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளக்க அவளுக்கே சொல்லிக்கொடுங்கள். ஆனால் நிலம் வெடித்தாலோ, மரம் சாய்ந்தாலோ, கதவு திடீரென்று இறுகினாலோ, பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீர் கலங்கினாலோ அளவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

போன முறை கோயிலுக்குப் போய்த் தங்கினோம், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் (பக்கத்து வீட்டுக்காரர்கள்) சிரிக்கிறார்கள். (ஹாலிஎல)

சிரிக்கட்டும். அடுத்த முறையும் போங்கள், அவர்களையும் கூப்பிடுங்கள்.

வெயிலில் கொழுந்தே இல்லை, சொன்ன கிலோ எடுக்க முடியாமல் அரைப்பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்). பிள்ளைகளுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. (பொகவந்தலாவ)

இதை நான் நோய் என்று சொல்ல மாட்டேன் அண்ணன். காலநிலை மாறுகிறது, காணி நம்ம பெயரில் இல்லை, போக வேறு இடமும் இல்லை. இதற்குப் பயப்படாமல் எப்படி இருப்பது? மூச்சை இழுத்து விடுங்கள் என்று மட்டும் சொல்லி உங்களை அனுப்பினால் அது அநியாயம். ஆனால் தனியாக வைத்துக் குமையாதீர்கள். உங்கள் லயத்தில் நாலு குடும்பமாவது சேர்ந்து, எங்கள் வரிசை மண்சரிவு அபாயத்தில் இருக்கிறதா, இருந்தால் மாற்றுக் காணி எப்போது என்று கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள். கூட்டமாகக் கேட்கப் போகிறவர்களுக்கு இரவில் கொஞ்சமாவது தூக்கம் வருகிறது, இதைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன்.

எப்போது டொக்டரிடம் போக வேண்டும்? (மஸ்கெலியா)

மழை விட்டும் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, குடி கூடிவிட்டது என்றால் போங்கள். செத்துவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலேயே பேசலாம்.